ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசுவது எப்படி? சொற்களுக்கும் மரபுத்தொடர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கில மொழித் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுப் பிரிவில் மகிழ்ச்சி என்ற தலைப்பு எந்தப் பகுதியிலும் வரக்கூடும். முதல் பகுதியில் ‘வாட் மேக்ஸ் யூ ஹேப்பி?’ என்று எளிமையாகக் கேட்பார்கள். இரண்டாம் பகுதியில் நீங்கள் மிகவும் மகிழ்ந்த ஒரு நாளை விவரிக்கச் சொல்லி அட்டையைக் கையில் கொடுப்பார்கள். மூன்றாம் பகுதியில் பணத்தால் மகிழ்ச்சியை வாங்க முடியுமா என்று விவாதத்துக்கு இழுப்பார்கள். எளிய தலைப்புத்தானே என்று இதற்குத் தயாராகாமல் போகிறவர்கள் ஏராளம். சொல்ல வேண்டிய செய்தி அவர்கள் மனத்தில் நிறைந்திருக்கும். ஆனால் ‘ஹேப்பி’, ‘வெரி ஹேப்பி’, ‘சோ ஹேப்பி’ என்ற மூன்றைத் தாண்டி வாய் நகராது. வேறு சிலர் எங்கிருந்தோ கிடைத்த நாற்பது மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்துகொண்டு, தம்பிக்குப் பென்சில் கிடைத்ததற்கும் தமக்கு வேலை கிடைத்ததற்கும் ஒரே ‘ஓவர் த மூன்’ என்று சொல்லிவிட்டு வருவார்கள். இரு தரப்பாருக்கும் மதிப்பெண் குறைகிறது.

இத்தேர்வுக்குப் பயிற்சி அளித்து வருகிற அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஆங்கிலச் சொல்லைத் தேடுவதற்கு முன்னால், ‘இது எந்த மகிழ்ச்சி?’ என்று தமிழில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் பொருத்தமான சொல் தானாகவே அகப்படும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பழக்கத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

ஆங்கிலத் தொடர்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். இது பேச்சுத் தேர்வு என்பதால் கண்ணால் படித்துக் கடந்து போகாமல், ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, ஆங்கில எழுத்தில் உங்கள் குறிப்பேட்டில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

தேர்வாளர் எதைக் கவனிக்கிறார்

பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடங்கள் நடைபெறும். முதல் பகுதி 4 முதல் 5 நிமிடங்கள்; இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் குறிப்பெடுத்துக்கொண்டு, ஒன்று முதல் இரண்டு நிமிடங்கள் தொடர்ந்து பேச வேண்டும்; மூன்றாம் பகுதி மீண்டும் 4 முதல் 5 நிமிடங்கள். சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கண வீச்சும் துல்லியமும், உச்சரிப்பு என்ற நான்கு அளவுகோல்களுக்கும் சம எடை உண்டு. ஆகவே சொல்வளத்தின் பங்கு கால்வாசிதான். மரபுத்தொடர்களை அடுக்குவதற்காகத் தடுமாறித் தடுமாறிப் பேசினால் சரளத்துக்கு உரிய கால்வாசியை இழந்துவிடுவோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சொல்வளத்தில் 6 பெறுபவருக்கும் 7 பெறுபவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பொது மதிப்பீட்டுக் குறிப்பே சொல்கிறது. அதிகம் புழங்காத சொற்களையும் மரபு வழக்குகளையும் ஓரளவேனும் பயன்படுத்துவதும், எந்தச் சொல்லுடன் எந்தச் சொல் சேரும் என்ற உணர்வைக் காட்டுவதும் 7 என்ற நிலைக்கு உரியவை. சில இடங்களில் பொருந்தாத தேர்வுகள் இருந்தாலும் அந்த நிலை கிடைக்கும். 9 என்ற உச்ச நிலைக்கு அவை இயல்பாகவும் துல்லியமாகவும் வர வேண்டும். மரபு வழக்கு என்றால் ‘ஆன் கிளவுட் நைன்’ போன்ற பளபளப்பான தொடர் மட்டும்தான் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ‘சியர் அப்’, ‘லைட் அப்’, ‘எ சென்ஸ் ஆஃப் பிரைட்’ போன்ற அன்றாடச் சேர்க்கைகளும் மரபு வழக்குகளே. என் கணிப்பில் தேர்வில் அதிகம் கைகொடுப்பவை இந்த இரண்டாம் வகைதான்.

முதல் படி: எந்த மகிழ்ச்சி என்று முடிவு செய்யுங்கள்

தமிழில் நாம் எல்லாவற்றையும் மகிழ்ச்சி என்று சொல்லிவிடுவதில்லை. கடன் அடைந்தால் நிம்மதி. பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்கினால் பூரிப்பு. சுற்றுலாப் பேருந்தில் குதூகலம். ஓய்வு பெற்ற பிறகு திண்ணையில் அமர்ந்திருக்கும்போது நிறைவு. இத்தனை நுட்பமான வேறுபாடுகளை வீட்டில் பேசும்போது தவறாமல் கடைப்பிடிக்கிற நாம், ஆங்கிலத்துக்குப் போனவுடன் எல்லாவற்றையும் ‘ஹேப்பி’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். சொல்வளம் குறைவாகத் தெரிவதற்கு இதுவே முதல் காரணம்.

நிம்மதிக்கு ‘ரிலீஃப்’, ‘பீஸ் ஆஃப் மைண்ட்’ என்ற சொற்கள் இருக்கின்றன. ‘ஐ வாஸ் ஸோ ரிலீவ்ட்’ என்று சொன்னால் ஒரு கவலை இருந்தது, அது நீங்கியது என்ற இரு செய்திகளும் கேட்பவருக்குச் சேர்ந்தே போய்ச் சேரும். வயிற்றில் பால் வார்த்தாற்போல் என்று நாம் சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘இட் வாஸ் எ வெயிட் ஆஃப் மை ஷோல்டர்ஸ்’ என்பார்கள். தோளிலிருந்து சுமை இறங்கிய உணர்வு அது; இங்கே வரும் ‘ஆஃப்’ நீங்குதலைக் குறிப்பது, எழுதும்போது இரண்டு ‘எஃப்’ வரும். பூரிப்புக்குப் ‘பிரவுட்’ என்ற சொல் போதும் என்றாலும், ‘ஷி வாஸ் பீமிங் வித் பிரைட்’ என்று சொன்னால் முகம் மலர்ந்திருப்பது கண்முன் தெரியும். நிறைவுக்குக் ‘கன்டென்ட்’ என்ற பெயரடையும், ஒரு பணியைச் செய்து முடித்ததில் கிடைக்கும் ஆழ்ந்த நிறைவுக்கு ‘ஃபுல்ஃபில்லிங்’, ‘எ சென்ஸ் ஆஃப் ஃபுல்ஃபில்மென்ட்’ என்பவையும் உள்ளன. குதூகலத்துக்கு ‘எக்ஸைட்டட்’, ‘இன் ஹை ஸ்பிரிட்ஸ்’ ஆகியவை பொருந்தும். எப்போதும் சிரித்த முகத்தோடு இருக்கும் ஒருவரின் இயல்பைச் சொல்லச் ‘சியர்ஃபுல்’ என்பதே சரியான சொல், ஏனென்றால் அது ஒரு நாளின் உணர்வைவிட ஒருவருடைய சுபாவத்தையே பெரிதும் குறிக்கிறது.

‘ஹேப்பி’ என்ற சொல்லின் வேரையும் அறிந்து வைத்திருப்பது நல்லது. ‘ஹேப்’ என்ற பழைய சொல்லுக்கு அதிர்ஷ்டம், தற்செயல் என்று பொருள். ‘ஹேப்பன்’, ‘பர்ஹேப்ஸ்’ ஆகியவையும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. அதனால்தான் இன்றும் எதிர்பாராமல் நல்லதாக அமைந்த ஒன்றை ‘எ ஹேப்பி ஆக்ஸிடென்ட்’ என்கிறார்கள். திட்டமிடாமல் சேர்ந்த படிப்பு பிடித்துப்போன கதையைச் சொல்பவர்களுக்கு இந்தத் தொடர் மிக இயல்பாகப் பொருந்தும்.

இரண்டாம் படி: அளவைத் தீர்மானியுங்கள்

வகை தெரிந்த பிறகு அளவு. சிறிய மகிழ்ச்சிக்குக் ‘கிளாட்’, ‘ப்ளீஸ்ட்’ ஆகியவை. அதற்கு மேல் ‘டிலைட்டட்’, ‘த்ரில்ட்’. உச்சத்தில் ‘ஓவர்ஜாய்ட்’, ‘இலேட்டட்’, ‘எக்ஸ்டாட்டிக்’. இவற்றுள் ‘டிலைட்டட்’ முதலான சொற்களுக்குள்ளேயே ‘மிக’ என்ற பொருள் அடங்கியிருப்பதால், ‘வெரி டிலைட்டட்’, ‘வெரி எக்ஸ்டாட்டிக்’ என்று சொல்வது ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். ‘அப்ஸலூட்லி டிலைட்டட்’, ‘அப்ஸலூட்லி த்ரில்ட்’ என்பதே வழக்கு. எது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பதற்றத்தில் மறந்துவிட்டால், ‘ரியலி’ என்பதைப் பயன்படுத்துங்கள். ‘ரியலி ப்ளீஸ்ட்’, ‘ரியலி த்ரில்ட்’ என்று அது இரு பக்கமும் பொருந்தும்.

அளவு பிசகினால் பேச்சில் நம்பிக்கை போய்விடும். பக்கத்து வீட்டுக் குழந்தை காலையில் கையசைத்தது உங்களுக்குப் பிடித்திருந்தால் ‘இட் மேட் மை டே’ என்று சொல்லலாம். அந்தத் தொடர் சின்னச் சின்ன இன்பங்களுக்காகவே பிறந்தது. ஆனால் அண்ணன் விபத்திலிருந்து பிழைத்து வீடு திரும்பிய நாளைச் சொல்லும்போது அதே ‘மேட் மை டே’ மிகவும் இலேசாகிவிடும்.

மூன்றாம் படி: ஒட்டி வரும் சிறு சொற்கள்

‘ஹேப்பி’ என்பதற்குப் பின்னால் எந்தப் பிரிப்பொசிஷன் வருகிறது என்பதைப் பொறுத்துப் பொருளே மாறுகிறது. ‘ஹேப்பி வித் மை ஜாப்’ என்றால் வேலை திருப்தியாக இருக்கிறது என்று பொருள். ‘ஹேப்பி அபவுட் த ரிசல்ட்’ என்பது ஒரு செய்தியைக் குறித்த மகிழ்ச்சி. ‘ஹேப்பி ஃபார் மை சிஸ்டர்’ என்பது அக்காவுக்கு நல்லது நடந்ததற்காக நாம் மகிழ்வது. இந்த மூன்றாவது தொடர் நம் வாயில் அரிதாகவே வருகிறது. பிறர் மகிழ்ச்சியில் பங்குகொள்வதைச் சொல்ல இதைவிடச் சிறந்த சுருக்கமான வழி இல்லை. ‘பிரவுட்’ என்ற சொல்லுக்குப் பின் ‘ஆஃப்’ வரும். அவளைப் பற்றிப் பெருமைப்பட்டேன் என்ற தமிழ் வாக்கியத்தில் உள்ள ‘பற்றி’ நம்மை ‘பிரவுட் அபவுட் ஹெர்’ என்று சொல்லத் தூண்டும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. ‘கன்டென்ட்’ என்பதற்கு ‘வித்’ வரும்.

நான்காம் படி: தமிழ் வாக்கியம் போடும் முடிச்சுகளை அவிழ்ப்பது

இந்தப் படிக்கு மற்றவற்றைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள். மதிப்பெண் கசிவது பெரும்பாலும் இங்கேதான்.

‘எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது’ என்பது நல்ல தமிழ் வாக்கியம். அதில் ‘நான்’ இல்லை. ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் தொடங்குகிறது. இந்த அமைப்பு மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது வாய் ‘இட் வாஸ் வெரி ஹேப்பி ஃபார் மீ’ என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் மகிழ்வது மனிதரே. ‘இட்’ என்ற ஒன்று மகிழ முடியாது. ‘ஐ வாஸ் ரியலி ஹேப்பி’ என்று தன்னிலையில் தொடங்கலாம், அல்லது நிகழ்ச்சியை எழுவாயாக்கி ‘இட் மேட் மீ ரியலி ஹேப்பி’ என்று சொல்லலாம். இரண்டாவது அமைப்பைப் பழக்கிக்கொண்டால், ‘எனக்கு’ என்று தொடங்கும் நம் இயல்பான சிந்தனைக்கு அது நெருக்கமாக இருப்பதால், பேசும்போது தடை வராது.

அடுத்தது ‘ஆக’ என்ற ஈறு. ‘மகிழ்ச்சியாக உணர்ந்தேன்’ என்பதில் ‘மகிழ்ச்சியாக’ என்பது வினையடை. அதை அப்படியே கொண்டுபோனால் ‘ஐ ஃபெல்ட் ஹேப்பிலி’ என்று ஆகிவிடும். ஆங்கிலத்தில் ‘ஃபீல்’ என்ற வினைக்குப் பின் பெயரடைதான் வரும். ‘ஐ ஃபெல்ட் ஹேப்பி’ என்பதே சரி. ‘ஹேப்பிலி’ என்பதற்கும் இடம் உண்டு. அது செயலை விவரிக்கும்போது வரும். குழந்தைகள் மகிழ்ச்சியாக விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்பதைச் ‘சில்ட்ரன் வேர் பிளேயிங் ஹேப்பிலி’ என்று சொல்வது முற்றிலும் சரி.

‘ஐ என்ஜாய்ட் எ லாட்’ என்பதை வகுப்பில் நான் கேட்காத நாளே இல்லை. தமிழ்ப் பேச்சில் ‘செமையா என்ஜாய் பண்ணினோம்’ என்று முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் எதை என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும். ‘ஐ என்ஜாய்ட் த டிரிப்’, அல்லது பொதுவாகச் சொல்வதாக இருந்தால் ‘ஐ ரியலி என்ஜாய்ட் மைசெல்ஃப்’.

நம் பேச்சுத் தமிழில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்கள் இன்னொரு கண்ணி. ‘ஜாலியா இருந்தது’ என்று தினமும் சொல்கிறோம். ஆனால் ‘வீ வேர் வெரி ஜாலி’ என்று தேர்வில் சொன்னால் பழைய கதைப் புத்தகத்து வாடை அடிக்கும். ‘வீ ஹேட் கிரேட் ஃபன்’, ‘வீ ஹேட் எ வண்டர்ஃபுல் டைம்’ என்பவையே இயல்பு. அதேபோல் ‘ரொம்ப ஃபீல் பண்ணினான்’ என்று தமிழில் சொன்னால் அவன் வருந்தினான் என்று எல்லோருக்கும் புரியும். ஆங்கிலத்தில் ‘ஹி ஃபெல்ட் எ லாட்’ என்றால் மகிழ்ச்சியா துயரமா என்று தெரியாமல் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும்.

இரண்டு சிறு பிழைகளை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன். ‘மோஸ்ட் ஹேப்பியஸ்ட்’ என்று இரட்டை உச்சம் சொல்லக் கூடாது. ‘ஒன் ஆஃப் த ஹேப்பியஸ்ட் டேஸ் ஆஃப் மை லைஃப்’ என்று சொல்லும்போது ‘டேஸ்’ என்பதன் பன்மை ஒலி விழுந்துவிடக் கூடாது. அட்டைக்கான பேச்சைப் பெரும்பாலோர் தொடங்குவதே இந்த வாக்கியத்தில்தான்; முதல் வாக்கியத்திலேயே இலக்கணம் இடறினால் பேசுபவரின் நம்பிக்கையும் சேர்ந்து இடறும்.

ஐந்தாம் படி: மரபுத்தொடர்களைத் தேர்ந்தெடுப்பது

நாற்பது வேண்டாம். ஐந்து அல்லது ஆறு போதும். ஆனால் அவற்றின் எல்லையை முழுமையாக அறிந்திருக்க வேண்டும். ‘ஓவர் த மூன்’ என்பதை நல்ல செய்தி ஒன்று வந்து சேர்ந்த தருணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலைகால் புரியவில்லை என்று தமிழில் சொல்லக்கூடிய இடமா என்று பாருங்கள். ஆம் என்றால் இதைச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் யாருக்கும் தலைகால் புரியாமல் போவதில்லை. ஆகவே ‘எவ்ரி சண்டே ஐ ஆம் ஓவர் த மூன்’ என்பதும் பொருந்தாது. ‘வாக்கிங் ஆன் ஏர்’ என்பது கால் தரையில் பாவவில்லை என்று நாம் சொல்வதற்கு மிக நெருங்கியது. செய்தி வந்த பிறகு சில நாள்கள் நீடிக்கும் மிதப்புக்கு அது ஏற்றது. வாயெல்லாம் பல்லாக நின்றான் என்பதற்கு ‘ஹி வாஸ் கிரின்னிங் ஃப்ரம் இயர் டு இயர்’ என்பது இணை. துள்ளிக் குதித்தாள் என்பதற்கு ‘ஷி ஜம்ப்ட் ஃபார் ஜாய்’. ஆனந்தக் கண்ணீருக்கு ‘டியர்ஸ் ஆஃப் ஜாய்’. இப்படித் தமிழ் வழக்கோடு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டால், தேர்வறையில் நினைவு தப்பினாலும் தமிழ் நூலைப் பிடித்து ஆங்கிலத் தொடரை இழுத்துவிடலாம்.

எல்லா மரபுத்தொடருக்கும் இந்த வழி உதவாது. போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்ற பழமொழியைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் தேர்வாளருக்கு மருந்துக் கடைதான் நினைவுக்கு வரும். ‘பீயிங் கன்டென்ட் வித் வாட் யூ ஹேவ் இஸ் வொர்த் மோர் தேன் மனி’ என்று கருத்தை மட்டும் எடுத்துச் சொல்லலாம்.

மரபுத்தொடரின் வடிவத்தில் கைவைக்கக் கூடாது. ‘ஆன் கிளவுட் நைன்’ என்பதில் ‘ஆன்’ தான் வரும். ‘இன் செவன்த் ஹெவன்’ என்பதில் ‘இன்’ தான் வரும். ‘இன் த கிளவுட் நைன்’ என்று மாற்றிச் சொன்னால், மரபுத்தொடர் தெரியும் என்பதைவிட அது பட்டியலிலிருந்து வந்தது என்பதே தெரியும். ‘இட் வாஸ் எ டிரீம் கம் ட்ரூ’ என்ற தொடரில் ‘கம்’ என்பது மாறாது. ‘டிரீம் கேம் ட்ரூ’ என்று இறந்த காலமாக்க வேண்டுமானால் வாக்கியத்தையே மாற்றி ‘மை டிரீம் கேம் ட்ரூ’ என்று சொல்ல வேண்டும்.

‘ஹேப்பி அஸ் லேரி’ என்பது பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வழங்குவது. ‘ஹேப்பி அஸ் எ கிளாம்’ என்பது அமெரிக்க வழக்கு. ‘டிக்கில்ட் பிங்க்’, ‘ஃபுல் ஆஃப் த ஜாய்ஸ் ஆஃப் ஸ்பிரிங்’ போன்றவற்றைக் கேட்டால் புரிந்துகொள்ளும் அளவுக்கு அறிந்திருந்தால் போதும். நம் வாயிலிருந்து வரும்போது அவை இரவல் சட்டைபோல் நிற்கும்.

ஆறாம் படி: இரண்டு நிமிடப் பேச்சில் கோத்துக் காட்டுவது

என்னிடம் படித்த ஒரு செவிலியர், தம் முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டு அம்மாவின் அடகு வளையல்களை மீட்ட நாளைத் தம் அட்டைக்கு எடுத்துக்கொண்டார். அருமையான தேர்வு. ஆனால் முதல் முறை பேசியபோது ‘ஐ வாஸ் ஓவர் த மூன்’ என்று தொடங்கி, அடுத்த வாக்கியத்தில் ‘ஆன் கிளவுட் நைன்’, அதற்கு அடுத்ததில் ‘இன் செவன்த் ஹெவன்’ என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லி நிறுத்தினார். வளையல் பேச்சிலிருந்து காணாமல் போய்விட்டது. அம்மா என்ன செய்தார் என்று தமிழில் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ‘அம்மா ஒண்ணும் சொல்லல சார், வாங்கிக் கையில போட்டுக்கிட்டாங்க, விளக்கு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க’ என்றார். அந்த மகிழ்ச்சிக்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டதற்கு, நிம்மதியும் கொஞ்சம் பெருமையும் என்றார். அதற்குப் பின் சொற்களைத் தேடுவது கடினமாக இல்லை.

புதிய பேச்சு பின்னணியில் தொடங்கியது: ‘மை மதர் ஹேட் டு பான் ஹெர் பேங்கிள்ஸ் டு பே மை காலேஜ் ஃபீஸ்.’ கவலையைச் சொல்லிவிட்டதால் பின்னால் வரப்போகும் நிம்மதிக்கு இடம் தயாராகிவிட்டது. கடையிலிருந்து வெளியே வந்ததைச் சொல்லும்போது ‘இட் வாஸ் எ ஹியூஜ் வெயிட் ஆஃப் மை ஷோல்டர்ஸ்’ என்றார். பிறகு வீட்டுக் காட்சி: ‘ஷி டிடின்ட் சே எனிதிங். ஷி ஜஸ்ட் ஸ்லிப்ட் தெம் ஆன், அண்ட் ஹெர் ஹோல் ஃபேஸ் லிட் அப்.’ முகம் ஒளிர்ந்தது என்ற அந்த ‘லிட் அப்’ இங்கே எந்தப் பெரிய மரபுத்தொடரையும்விட ஆழமாக வேலை செய்கிறது. தம் உணர்வைச் சொல்லும் இடத்தில், ‘ஐ வாஸன்ட் ஜம்பிங் ஃபார் ஜாய் ஆர் எனிதிங், இட் வாஸ் மோர் எ குவையட் சென்ஸ் ஆஃப் பிரைட்’ என்று முடித்தார். மரபுத்தொடரை மறுத்துச் சொல்லி, தம் மகிழ்ச்சியின் அளவை அதனோடு ஒப்பிட்டுக் காட்டுவது உயர்ந்த பயன்பாடு. சொல்லின் எல்லை தெரிந்தவரால் மட்டுமே அப்படிச் செய்ய முடியும்.

நீங்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம். குறிப்பெடுக்கக் கிடைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியங்கள் எழுத முயலாதீர்கள். முன்பு இருந்த கவலை அல்லது ஏக்கம், நிகழ்ச்சி நடந்த கணம், யாராவது ஒருவரின் முகம், உங்கள் மகிழ்ச்சியின் பெயர் என்ற நான்குக்கும் ஆளுக்கொரு சொல் எழுதிக்கொண்டால் போதும். இரண்டு நிமிடப் பேச்சில் மரபுத்தொடர் ஒன்று அல்லது இரண்டு வந்தால் தாராளம்.

ஏழாம் படி: மூன்றாம் பகுதியில் நடையை மாற்றுவது

மூன்றாம் பகுதியில் கேள்விகள் உங்களை விட்டு விலகிச் சமூகத்துக்குப் போகின்றன. அங்கே ‘ஓவர் த மூன்’ போன்றவற்றுக்கு வேலை குறைவு. ‘வெல்பீயிங்’, ‘குவாலிட்டி ஆஃப் லைஃப்’, ‘ஒர்க் லைஃப் பேலன்ஸ்’, ‘எ சென்ஸ் ஆஃப் பிலாங்கிங்’ போன்ற சொற்கள் முன்னுக்கு வர வேண்டும். சற்று நேரத்தில் மறையும் மகிழ்ச்சியைச் ‘ஷார்ட் லிவ்ட்’ என்றும், நிலைத்து நிற்பதை ‘லாஸ்டிங் ஹேப்பினஸ்’ என்றும் பிரித்துச் சொல்லத் தெரிந்திருந்தால் பாதி விவாதம் முடிந்த மாதிரி. அண்டை வீட்டாரைப் பார்த்துப் பொருள்களை வாங்கிக் குவிப்பதைக் ‘கீப்பிங் அப் வித் த ஜோன்ஸஸ்’ என்பார்கள். இந்தப் பகுதியிலும் இயல்பாக ஒலிக்கக்கூடிய மரபுத்தொடர் இது.

பணத்தால் மகிழ்ச்சியை வாங்க முடியுமா என்ற கேள்விக்கு ‘மனி கான்ட் பை ஹேப்பினஸ்’ என்று முடித்துவிடுவது விடையாகாது. ‘அப் டு எ பாயிண்ட், யெஸ்’ என்று தொடங்குங்கள். மாதக் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் குடும்பத்துக்குப் பணம் கவலையைப் போக்குகிறது. அதை ‘இஃப் யூ ஆர் ஸ்ட்ரகிளிங் டு மேக் எண்ட்ஸ் மீட், மனி டேக்ஸ் அவே எ லாட் ஆஃப் வொரி’ என்று சொல்லலாம். பிறகு ‘பட் இட் டஸன்ட் கேரண்டி பீஸ் ஆஃப் மைண்ட்’ என்று மறுபக்கத்துக்குத் திரும்பலாம்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு செய்திகள் கையில் இருந்தால் நல்லது. பூடான், நாட்டின் வளர்ச்சியை அளக்க மொத்த தேசிய மகிழ்ச்சி என்ற கருத்தை முன்வைத்து, அதைத் தன் 2008 அரசியலமைப்புச் சட்டத்திலும் சேர்த்திருக்கிறது. 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 தொடங்கித் தொடர்ந்து பல ஆண்டுகள் பின்லாந்து முதலிடத்தில் இருந்துள்ளது. இவற்றைச் சொல்வதால் மட்டும் மதிப்பெண் கூடாது. தேர்வு உங்கள் பொது அறிவை அளப்பதில்லை. ஆனால் பேசப் பொருள் இருந்தால் மொழி தடையின்றி வரும், அதற்காகவே இவற்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

எட்டாம் படி: குரலும் ஒலியும்

‘கன்டென்ட்’ என்ற சொல்லை நிறைவு என்ற பொருளில் சொல்லும்போது அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும். முதல் அசையில் அழுத்தினால் உள்ளடக்கம் என்ற வேறு சொல்லாகிவிடும். ‘எக்ஸ்டாட்டிக்’ என்பதிலும் அழுத்தம் நடுவில். ‘ப்ளீஸ்ட்’ என்பது ஒரே அசை. அதை ‘ப்ளீஸ்-எட்’ என்று நீட்டக் கூடாது. மாறாக ‘டிலைட்டட்’, ‘எக்ஸைட்டட்’ ஆகியவற்றில் கடைசி அசை தெளிவாகக் கேட்க வேண்டும். ‘ஜாய் ஆஃப் லிவிங்’ என்பதில் வரும் ‘ஆஃப்’ உண்மையில் ‘ஆவ்’ என்று முடியும். ‘வெயிட் ஆஃப் மை ஷோல்டர்ஸ்’ என்பதில் வருவதுதான் ‘ஃப்’ என்று காற்றோடு முடியும். ‘பிளெஷர்’ என்ற சொல்லின் நடு ஒலியைத் தமிழ் எழுத்தால் காட்ட முடியாது. ‘டெலிவிஷன்’ என்பதை ஆங்கிலேயர் சொல்லும்போது நடுவில் அதிரும் அதே ஒலி அது என்று நினைவில் கொண்டு, கைபேசியில் அகராதியின் ஒலிப்பைக் கேட்டுப் பழகுங்கள்.

சொற்கள் எல்லாம் சரியாக இருந்தும், பேருந்து நிறுத்தங்களின் பெயரைப் படிக்கும் குரலில் ‘ஐ வாஸ் அப்ஸலூட்லி த்ரில்ட்’ என்று சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ‘அப்ஸலூட்லி’ என்பதில் குரல் சற்று உயர வேண்டும். உயர்த்தக் கூச்சமாக இருந்தால், அந்த நிகழ்ச்சியை முதலில் உங்கள் நெருங்கிய தோழியிடமோ நண்பரிடமோ தமிழில் சொல்லிப் பாருங்கள். குரல் எங்கே தானாக ஏறுகிறது என்று கவனித்து, ஆங்கிலத்திலும் அதே இடத்தில் ஏற்றுங்கள்.

ஒன்பதாம் படி: பத்து நாள் பயிற்சி

நாளுக்கு ஒரு நிகழ்ச்சி போதும். இரவில் படுக்கும் முன், அன்று உங்களுக்கு மகிழ்ச்சி தந்த ஒன்றை, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், தமிழில் ஒரு வரியாக எழுதி, அதன் வகையைப் பக்கத்தில் குறியுங்கள்: நிம்மதியா, பூரிப்பா, குதூகலமா, நிறைவா. பிறகு கைபேசியில் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, எழுதியதைப் பார்க்காமல் ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசுங்கள். திரும்பக் கேட்கும்போது ‘ஹேப்பி’ எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் வந்திருந்தால், வந்த இடங்களில் வேறு எந்தச் சொல் உண்மையாகவே பொருந்தும் என்று பார்த்து மறுபடி பேசுங்கள். பொருந்தும் சொல் கிடைக்காத இடத்தில் ‘ஹேப்பி’ என்பதையே விட்டுவிடுங்கள். அதுவும் நல்ல சொல்தான். பத்தாம் நாள், பத்துப் பதிவுகளையும் வரிசையாகக் கேட்டு, நினைத்துப் பார்க்காமலேயே வாயில் வந்த தொடர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தேர்வு நாள் காலையில் பார்க்க வேண்டிய பட்டியல் அந்த ஒரு தாள்தான்.